வழக்கம், வழமை, மாமூல்

'ரொட்டீன் செக்கப்தான்', 'ரொட்டீன் வேலைதான்' என்று அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழுகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்ற ஆறுதலும், புதிதாக ஒன்றுமில்லை என்ற சலிப்பும் அதில் கலந்தே இருக்கும். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'ரூட்' என்றால் பாதை. அதற்கும் மூலம் லத்தீனின் 'ருப்தா'. உடைக்கப்பட்டது என்று பொருள். காட்டை வெட்டி, பாறையை உடைத்துப் போட்ட பாதை முதலில் ரூட் ஆனது. பிறகு அதே தடத்தில் திரும்பத் திரும்பப் போவது ரொட்டீன் ஆனது. பாதை போட்டவனின் பாடு மறந்துபோய், அதில் தினமும் நடப்பவனின் அலுப்பு மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

தமிழில் அதற்கு நிகராக நிற்பது வழக்கம். இதுவும் நடையில் பிறந்த சொல்தான். பழந்தமிழில் வழங்குதல் என்றால் நடமாடுதல், இயங்குதல். ஓரிடத்தில் யானை வழங்குகிறது என்று எழுதினால், யானை அங்கே போய்வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நடமாட்டத்திலிருந்து புழக்கம், புழக்கத்திலிருந்து வழக்கம். அதுவரை இரண்டு சொற்களும் ஒரே பாதையில்தான் வருகின்றன. அதன் பிறகு ஆங்கிலச் சொல் சலிப்பின் பக்கம் திரும்பியது. தமிழ்ச் சொல் நீதிமன்றத்தின் பக்கம் போயிற்று. வழக்கத்தோடு பிறந்ததுதான் வழக்கு. தொல்காப்பியத்தில் வழக்கு என்பது மக்களின் பேச்சு நடைமுறை. இன்றைய தாலுகா கோர்ட்டில் அது வாதி, பிரதிவாதி, வாய்தா. இடையில் வழக்காறு, வழக்காடு, வழக்கறிஞர் என்று குடும்பம் பெருகிவிட்டது. திரும்பத் திரும்பச் செய்வது ஒரு கட்டத்தில் உரிமை கோரத் தொடங்குகிறது என்ற எண்ணம் இந்தச் சொற்குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்த எண்ணம் நிஜத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ராமநாதபுரம் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் அதிகமில்லை. தேவிபட்டினம், தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன், ராமேசுவரம் வழியாகக் கீழக்கரை, ஏர்வாடி வரை, வழக்கத்தை முன்வைத்து நடக்காத சண்டை என்று ஒன்று இங்கே அரிது.

முதலில் அரண்மனை வழக்கு. சேதுபதிகளின் ராமநாதபுரம் ஜமீனில் 19ஆம் நூற்றாண்டில் ஆண் வாரிசு இல்லாமல் போனது. ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், உறவினர்களின் சம்மதத்தோடு முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். சிக்கல் ஒன்றுதான்: தத்தெடுக்கச் சொல்லி, இறந்துபோன கணவர் அனுமதி கொடுத்திருக்கவில்லை. அப்படியானால் தத்து செல்லாது, ராணிக்குப் பிறகு ஜமீன் சர்க்காருக்கே என்று கம்பெனி அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். ராமநாதபுரம் அன்று தனி மாவட்டம் ஆகவில்லை, 1910இல்தான் ஆனது. அதனால் சர்க்கார் தரப்பில் மல்லுக்கு நின்றவர் மதுரை கலெக்டர்.

வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868இல் தீர்ப்பு முத்துராமலிங்க சேதுபதிக்குச் சாதகமாக வந்தது. திராவிட நாட்டில் கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும், நெருங்கிய உறவினர்களின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதைவிடப் பெரிதாக ஒன்றையும் சொன்னார்கள். பழைய சாத்திர நூலிலிருந்து ஒரு விதியை வருவித்துக் காட்டினால் மட்டும் போதாது. வழக்கு எழுந்த வட்டாரத்தில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால், எழுதிவைத்த சட்டநூலைவிட அதற்கே எடை அதிகம். இந்து சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் ராம்நாடு கேஸ் என்று மனப்பாடம் செய்வது இதைத்தான்.

கேட்க இனிக்கும் தீர்ப்பு. ஆனால் 'நிரூபிக்கப்பட்டால்' என்ற இடத்தில் ஒரு முள் இருக்கிறது. நான்கே ஆண்டுகளில், 1872இல், திருநெல்வேலிச் சீமையின் ஊர்க்காடு ஜமீன் வழக்கில் அதே பிரிவி கவுன்சில் அந்த முள்ளைக் கூர்தீட்டியது. வழக்கம் என்று சொல்லிக்கொண்டு வருபவர், அது பழமையானது, மாறாதது என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும் என்றது. உயிரோடிருக்கும் எந்த வழக்கமாவது மாறாமல் இருக்குமா? மாறிக்கொண்டே இருப்பதால்தான் அது உயிரோடிருக்கிறது. மன்றத்துக்கோ செத்து விறைத்த வழக்கம்தான் வேண்டியிருந்தது. அன்று முதல், இந்தக் கரையில் உரிமை கேட்கும் எவரும் 'காலங்காலமாக' என்ற சொல்லைச் சேர்க்காமல் மனு எழுதுவதில்லை.

கடலுக்குள்ளும் இதே கதைதான். பாக் நீரிணையில் சங்கு எடுக்கும் உரிமை சேதுபதிகளுடையது. அதைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைக்கு உட்பட்ட பகுதியில் வேறு ஆட்கள் மூழ்கிச் சங்கு எடுத்த விவகாரம் 1904இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. திறந்த கடலில் கிடக்கும் சங்குக்கு உடைமையாளர் உண்டா, கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் உள்ளூர்ச் சட்டம் செல்லுமா என்பவைதான் கேள்விகள். ராஜாக்கள் இந்தக் கடலை நெடுங்காலமாக ஆண்டு அனுபவித்துவந்த வழக்கத்தை நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். பின்னாளில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையை வரலாற்று உரிமையுள்ள நீர்ப்பரப்பு என்று சொன்னபோது, சட்ட அறிஞர்கள் எடுத்துக்காட்டிய முன்தீர்ப்புகளில் இந்தச் சங்கு வழக்கும் ஒன்று. மீன்வளத்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் பார்த்த சங்குக் குளிப்பு, பருவம், ஆள்கட்டு, பங்கு என்று முழுக்க முழுக்க முறைப்படி நடந்த தொழில்.

எதிர்க்கரையில் இதே பொருளுக்குப் புழங்கும் சொல் வழமை. 'வழமைபோல' என்று யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னால் ராமேசுவரத்துக்காரருக்கு அகராதி வேண்டாம். அங்கே வழமை புத்தகமாகவே ஆகிவிட்டது. டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், கிளாஸ் இசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து, சீதனம், ஈடு, தத்து பற்றிய நடைமுறைகளைத் திரட்டி எழுதினார். 12 முதலியார்கள் அதைச் சரிபார்த்த பிறகு 1707இல் அது சட்டத் தொகுப்பானது. அதுதான் தேசவழமை. 1806இல் பிரிட்டிஷ் அரசும் அதை ஏற்றது. திருத்தங்களோடு இன்றும் வடமாகாணத் தமிழர்களுக்கு அது செல்லுபடியாகிறது. ஒரு காணியை விற்கும்போது பங்காளிகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் கொழும்பு நீதிமன்றங்களில் இன்னும் வாதிக்கப்படுகின்றன.

நடுவில் இருப்பது குறுகலான கடல். அந்தப் பக்கம் வழமையை எழுதிவைத்தார்கள். இந்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் சாட்சி வைத்து நிரூபிக்க விட்டார்கள். எழுதப்பட்ட வழமை இறுகிவிடும் என்பது உண்மை. எழுதப்படாத வழக்கம் யார் கை ஓங்குகிறதோ அவர் சொல்கிறபடி வளையும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

கீழக்கரையில் மூன்றாவது வகை ஒன்று உண்டு: எழுதவும் இல்லை, கோர்ட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை, நடந்துகொண்டிருக்கிறது. மரைக்காயர் குடும்பங்களில் கல்யாணத்தின்போது வீடு பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்து இருப்பார். தொழிலுக்காக ஆண்கள் கொழும்பு, மலாக்கா என்று மாதக்கணக்கில் கடலோடிய ஊரில், வீடு பெண் பேரில் இருப்பது பிழைக்கத் தெரிந்த ஏற்பாடு. வழக்கத்துக்கு மாறாக ஷரியத்தே செல்லும் என்று 1937ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று தகப்பன்மார் உயிரோடிருக்கும்போதே மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். சட்டமும் மீறப்படவில்லை, வழக்கமும் கெடவில்லை.

இனி மாமூல். அரபு மொழியில் 'அமல்' என்றால் செயல். 'மஃமூல்' என்றால் செய்யப்பட்டது, நடைமுறையில் உள்ளது. பாரசீகம், உருது வழியாக ரெவின்யூ ஆபீசுக்கு வந்து தமிழாகிவிட்டது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி மாமூலை முன்னுதாரணம் என்ற பொருளில் விளக்கி, ஆங்கிலேய வக்கீல்கள் முன்தீர்ப்பை மதிப்பதுபோல் கீழைநாட்டார் மாமூலை மதிக்கிறார்கள் என்ற சாயலில் எழுதியது. கண்மாய்ப் பாசனத்தில் எந்த மடை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதைப் பதிந்துவைத்த ஏட்டுக்கு மாமூல்நாமா என்றே பெயர். வானம் பார்த்த சீமையில் ஒரு கண்மாயின் மாமூல் என்பது பல குடும்பங்களின் சோறு. இன்று அந்த மரியாதை போய், மேசைக்கடியில் கைமாறும் பணத்துக்கு அது பெயராகிவிட்டது. லஞ்சம் என்றால் ஒரு தடவை கொடுப்பது. மாமூல் என்றால் மாதா மாதம். முன்பு கொடுத்தாய், ஆகவே இனியும் கொடு என்று கேட்பவர், ராம்நாடு கேஸின் தர்க்கத்தைத்தான் பேசுகிறார்! அரசாணை 'அமலுக்கு' வருவதும் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க வாங்குவது 'மாமூல்' ஆவதும் ஒரே வேரிலிருந்துதான்.

இவ்வளவும் ஏட்டிலும் பேச்சிலும். ராமேசுவரத்தில் வாரத்தின் கிழமைகளே வழக்கத்தால் பங்குபோடப்பட்டிருக்கின்றன.

திங்கள், புதன், சனி விசைப்படகின் நாள். மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு காலையில் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு புறப்பட்டு, இரவெல்லாம் மடி இழுத்து, மறுநாள் காலை இறங்குதளத்துக்குத் திரும்பும். காற்று பலமாக இருக்கும் என்று வானிலை எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது; அன்றைய முறை போனது போனதுதான். ஐஸ் உடைப்பவர், மீன் தரம் பிரிக்கும் பெண்கள், டீக்கடை, சரக்கு லாரி எல்லாமே இந்தத் தாளத்தில்தான் ஓடுகின்றன. செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறைமுகத்தில் நிற்க இடமிருக்காது. வெள்ளிக்கிழமை போனால் வேறு ஊர்போல் இருக்கும்.

இந்த ஏற்பாடு கடலம்மா கொடுத்ததல்ல, சண்டையில் வந்தது. 1960களில் இந்தக் கரைக்கு இழுவைமடிப் படகுகள் வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற, படகுகளும் ஏறின. நாட்டுப்படகுக்காரர் மாலையில் விரித்துவிட்டு வந்த செவுள்வலையை இரவில் விசைப்படகின் மடி அறுத்துக்கொண்டு போகும். ஒரு வலை போனால் ஒரு வீட்டின் முதலே போனது. கைகலப்பு, படகு சிறைபிடிப்பு, கலெக்டர் ஆபீஸ் பேச்சுவார்த்தை என்று இழுத்து, 1970களின் பிற்பகுதியில் மூன்று நாள், நான்கு நாள் என்ற பங்கீடு உருவானது. கடலில் எல்லைக்கோடு போட முடியாது. ஆகவே காலத்தில் கோடு போட்டார்கள். 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. ஆழம் குறைந்த பாக் நீரிணையில் மைல் கணக்கைவிடக் கிழமைக் கணக்கே உதவியாக இருந்தது. யாரும் எட்டிப் பார்த்து அளக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை இரவு விசைப்படகின் சத்தம் கேட்டாலே தப்பு என்று தெரிந்துவிடும். சோழமண்டலக் கரை மீனவர்களை நெடுநாள் ஆராய்ந்த ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் பாவிங்க் போன்றவர்கள், அரசுச் சட்டமும் ஊர்க் கட்டுப்பாடும் ஒரே கடலில் சேர்ந்து இயங்குவதற்கு இத்தகைய ஏற்பாடுகளைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள்.

வாரத்துக்கு மேலே ஆண்டுக்கும் ஒரு முறை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கியது; 2017 முதல் 61 நாள். முதலில் எதிர்ப்பு கிளம்பியது. இப்போது படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்க, எஞ்சின் பிரிக்க, பிள்ளைக்குக் கல்யாணம் வைக்க என்று அந்த 61 நாளைச் சுற்றியே வீட்டுக் கணக்கு ஓடுகிறது. இருபது ஆண்டுக்குள் ஒரு அரசாணை எப்படி வழக்கமாகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அரசாணைக்கும் முந்தியது காற்றின் ஆணை. வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். கச்சானும் சோழகமும் வீசும்போது தலைகீழ். ராமேசுவரம் தீவில் வடகடலான பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தென்கடலான மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பாம்பன் தீவின் நாட்டுப்படகுக்காரர்களில் பலர் காற்றுக்கேற்றபடி படகை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக் கட்டுவார்கள். டோக்கன் கொடுக்கும் அதிகாரி யாரும் அதற்குத் தேவைப்பட்டதில்லை.

தங்களுக்குத் தாங்களே முறை போட்டுக்கொண்டவர்களும் இங்கே இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள் அவர்கள். விரல்களில் துணியைச் சுற்றி, பாறை கிழிக்காமலிருக்கக் காலுக்குக் காப்பு கட்டி, இடுப்பில் பையோடு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும், பாறை தட்டுப்படும். 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தலைமுறையாகப் போய்வந்த இடமே அத்துமீறல் ஆயிற்று. வனத்துறை பிடித்தது, பாசியைப் பறித்தது. மாதத்தில் சுமார் 12 நாள் மட்டுமே எடுப்போம், இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவோம், பாசியை வேரோடு சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தொடமாட்டோம் என்று பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இதை முன்னின்று பேசிய சின்னப்பாலம் லட்சுமி 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருதைப் பெற்றார். ஊர்க்காடு தீர்ப்பின்படி பார்த்தால் இது வழக்கமே அல்ல. நேற்று வந்தது, மாறக்கூடியது. கடலைக் காப்பாற்றுவதில் மட்டும் பல பழைய வழக்கங்களைவிட இது மேல்.

கடைசியாக, எல்லாரும் எதிர்பார்க்கும் கச்சத்தீவு. 285 ஏக்கர், குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பு கிடையாது. சேதுபதி ஜமீனின் குத்தகைப் பத்திரங்கள் இந்தியத் தரப்பின் ஆதாரங்களில் ஒன்று. சாயவேர் தோண்டும் குத்தகையில்கூட அந்தத் தீவு சேர்ந்திருந்தது. 1974 ஜூன் ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனது. அதிலும் வழக்கம் நுழைந்திருக்கிறது: இந்திய மீனவர்களும் பக்தர்களும் இதுவரை வந்துபோனதுபோல் விசா இல்லாமல் வந்துபோகலாம், இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் நீரில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகளை அனுபவிக்கலாம். 1976 மார்ச்சில் கைமாறிய கடிதங்களோ, ஒரு நாட்டின் மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடித்தன. இரண்டு ஆண்டு இடைவெளியில் வழக்கத்துக்குத் திறந்த கதவு சாத்தப்பட்டது. மிச்சமிருப்பது பிப்ரவரி, மார்ச்சில் வரும் அந்தோணியார் திருவிழா. இலங்கைப் போர்க்காலத்தில் அதுவும் நின்றுபோய், பிறகு மீண்டது. இப்போது அனுமதிப் பட்டியலில் பேர் உள்ளவர்கள் மட்டும் ராமேசுவரத்திலிருந்து படகேறுகிறார்கள்.

'பாரம்பரிய மீன்பிடி உரிமை' என்ற சொல் மேடைகளில் முழங்கும்போது ஒன்றை யாரும் உரக்கச் சொல்வதில்லை. வள்ளமும் செவுள்வலையும் கொண்டு இரு கரைக்கும் போய்வந்தது பாரம்பரியம், அதில் சந்தேகமில்லை. இழுவைமடிக்கு வயது 60 சொச்சம். முன்னவர்களின் வழக்கத்தைக் காட்டிப் பின்னவர்களின் எஞ்சினுக்கு உரிமை கேட்பது பலவீனமான வாதம். அதற்கு முதல் சாட்சி ராமேசுவரத்து நாட்டுப்படகுக்காரர்களே. அவர்கள் வலை அறுந்ததால்தான் கிழமைப் பங்கீடு வந்தது. எதிர்க்கரையில் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் அதே புகாரைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான்கு நாள் ஒதுக்கித் தர ஒரு கலெக்டர் ஆபீஸ் இல்லை. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தது. கைதும் படகுப் பறிமுதலும் ராமேசுவரத்தில் அந்த ஆண்டுகளின் புது ரொட்டீன் ஆகிவிட்டன.

அதே 2017இல் மத்திய, மாநில அரசுகள் இழுவைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கப் போகுமாறு மானியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தன. மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. அதன் பக்கத்திலேயே வரவில்லை. கடன், டீசல், படகின் தரம் என்று காரணங்கள் பல. ஆனால் சூரைப் படகு போனால் திரும்ப வாரக்கணக்காகும். திங்கள் போய்ச் செவ்வாய் காலை வீட்டில் கஞ்சி குடித்துப் பழகியவர்களிடம் அந்தப் படகைக் கொடுத்தவர்கள், அவர்களின் வாரம் எப்படி ஓடுகிறது என்பதைத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.